143-142: லரி ஹோம்ஸுக்கு நடந்தது அநியாயமா?

ஒட்டுசுட்டான் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: லரி ஹோம்ஸ் ஏழு வருடத்துக்கு மேல் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர், 48 சண்டை தோற்காமல் வந்தவர், பிறகு மைக்கல் ஸ்பிங்ஸிடம் அடுத்தடுத்து இரண்டு தரம் புள்ளியில் தோற்றார். இரண்டுமே களவு என்று சிலர் சொல்கிறார்கள். தம்பியின் மாமாவோ, அலி கிழண்டிய பிறகு அடித்தவர், ரைசனிடம் நாலாம் சுற்றில் விழுந்தவர், அவரை எல்லாம் பெரிய வீரர் கணக்கில் சேர்க்க ஏலாது என்கிறாராம். எது சரி?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், பிறகு காரணம். முதல் தோல்வி களவு இல்லை. இரண்டாவது பிழையான தீர்ப்பு. ஆனால் அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், ஹோம்ஸ் பட்டத்தோடு இருந்த காலம் முழுக்க அவருக்கு உதவிய ஒரு பழக்கம்தான், பட்டம் கைமாறியதும் அவருக்கு எதிராகத் திரும்பியது. இதைச் சொன்னால் ஹோம்ஸ் ரசிகர்களுக்கும் கோபம் வரும், அவரைப் பிடிக்காதவர்களுக்கும் கோபம் வரும். பரவாயில்லை.

எங்கள் பக்கத்தில் அலியைத் தெரியாத ஆள் குறைவு. ரைசனையும் தெரியும், காதைக் கடித்த கதையாவது தெரியும். நடுவில் இத்தனை வருடம் பட்டத்தை வைத்திருந்த மனிதரைத்தான் யாருக்கும் தெரியாது. அவர் திரும்பி வந்து கிழட்டு வயதில் அடிபட்ட தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட காலம், அதில் குத்துச்சண்டைச் செய்திக்கு யார் மினக்கெடுவது. ஆனால் அமெரிக்காவிலேயே அவருக்குக் கிடைத்த மரியாதை பெரிதாக ஒன்றும் இல்லை. அலிக்குப் பிறகு வந்தது அவருடைய முதல் குற்றம், அலியை அடித்தது இரண்டாவது குற்றம். மூன்றாவது குற்றம் அவருடைய வாய். அதற்குப் பிறகு வருகிறேன்.

புள்ளி போடும் முறையை விளங்கிக்கொள்ளாமல் இந்த விவாதத்தில் இறங்கக் கூடாது. சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. தோற்றவர் விழுந்திருந்தால் பெரும்பாலும் 8. ஹோம்ஸ் காலத்தில் பட்டச் சண்டை பெரும்பாலும் 15 சுற்று. யாரும் விழாமல், சமன் என்று எந்தச் சுற்றும் போடாமல் முடிந்தால் 143-142 என்ற கணக்குக்கு ஒரே ஓர் அர்த்தம்தான்: ஒருவருக்கு 8 சுற்று, மற்றவருக்கு 7. ஒரே ஒரு சுற்றை மாற்றிப் போட்டால் வென்றவர் தோற்றவர் ஆகிவிடுவார். அந்த ஒரு சுற்றும் பெரும்பாலும் யாருக்கும் சொல்லும்படி எதுவும் நடக்காத சுற்றாகத்தான் இருக்கும், அதுதான் வயிற்றெரிச்சல்.

இப்போது இதைப் பாருங்கள். 1978 ஜூன் 9, லாஸ் வேகாஸ் சீசர்ஸ் பலஸ். ஹோம்ஸ் பட்டத்தை எடுத்தது அன்றுதான், கென் நோர்ட்டனிடமிருந்து. இடது கைத் தசையில் காயத்தோடு ஏறியிருந்தார், அந்த இடது கைதான் அவருடைய முழு ஆயுதமும். 14 சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் தாளிலும் 7-7. பதினைந்தாம் சுற்றை நீங்கள் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும், இரண்டு பேரும் களைத்துக் கால் நகராத நிலையில் மேடை நடுவில் நின்று மாறி மாறி அடித்துக்கொள்வார்கள், சுற்றின் தொடக்கம் நோர்ட்டனுடையது, முடிவு ஹோம்ஸுடையது. இரண்டு நடுவர்கள் அந்தச் சுற்றை ஹோம்ஸுக்குக் கொடுத்தார்கள், ஒருவர் நோர்ட்டனுக்கு. 143-142, 143-142, 142-143.

ஏழு வருடம் கழித்து 1985 செப்டெம்பர் 21 அன்று அதே லாஸ் வேகாஸில் மைக்கல் ஸ்பிங்ஸிடம் பட்டத்தை இழந்தபோது தாள்கள் என்ன சொன்னன தெரியுமா? 143-142, 143-142, 145-142. இரண்டு தாளில் மறுபடியும் அதே 8-7.

நோர்ட்டனிடம் ஒரு சுற்றால் வென்றதை யாரும் களவு என்று சொல்வதில்லை. அப்படியானால் ஸ்பிங்ஸிடம் ஒரு சுற்றால் தோற்றதை மட்டும் எப்படிக் களவு என்று சொல்வது? நான் அந்தச் சண்டையைப் பலமுறை பார்த்தவன். ஸ்பிங்ஸ் அழகாக ஒன்றும் செய்யவில்லை, பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு வேகத்தில் மூன்று நாலு குத்தை எறிந்துவிட்டு விலகிப் போவார், அதில் பாதி படாது. ஆனால் ஹோம்ஸ் பார்த்துக்கொண்டு நின்றார். வலது கையை விட வேண்டிய இடத்தில் விடவில்லை. ஸ்பிங்ஸ் ஹெவிவெயிட்டுக்குக் கீழான எடைப்பிரிவான லைட் ஹெவிவெயிட்டின் சாம்பியன், ஹோம்ஸை விட 20 இறாத்தலுக்கு மேல் பாரம் குறைந்தவர். அதற்கு முன் லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்தபடியே மேலே வந்து ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்தவர் எவரும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவரை 35 வயது ஹோம்ஸால் 15 சுற்றில் ஒரு தரமும் விழுத்த முடியவில்லை என்றால், அது நடுவரின் பிழை இல்லை. என் தாளில் அது ஸ்பிங்ஸுக்கு ஒரு சுற்று கூட. ஹோம்ஸுக்கு ஒரு சுற்று கூட என்று ஒருவர் சொன்னாலும் நான் சண்டைக்குப் போக மாட்டேன். நெருக்கமான சண்டை வேறு, களவு வேறு.

அந்த நாளுக்கு இன்னொரு விசேஷம் இருந்தது. ஒரு சண்டையும் தோற்காத பழைய சாம்பியன் ரொக்கி மார்சியானோ ஆர்ச்சி மூரை அடித்து 49ஆவது வெற்றியோடு மேடையை விட்டு இறங்கியது 1955 செப்டெம்பர் 21. சரியாக முப்பது வருடம் கழித்து அதே திகதியில் ஹோம்ஸின் 49ஆவது சண்டை. வென்றிருந்தால் 49-0 என்ற கணக்கைத் தொட்டிருப்பார். மார்சியானோவின் குடும்பத்தாரும் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோற்ற சூட்டில் பத்திரிகையாளர் முன்னால் இருந்து ஹோம்ஸ் ஒரு வார்த்தை விட்டார், மார்சியானோவால் தன் உள்ளாடையைக்கூடத் தூக்கிவர முடியாது என்ற மாதிரி. அந்த மனிதர் 1969இல் விமான விபத்தில் இறந்துபோனவர். பிறகு ஹோம்ஸ் மன்னிப்புக் கேட்டார், ஆனால் சொல் போனது போனதுதான். ஏழு வருட ஆட்சியை விட அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நிறையப் பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இதிலும் ஒரு கூத்து இருக்கிறது. 49-0 என்று கோவில் கட்டிக் கும்பிடுகிறோமே, அந்த மார்சியானோ 1950 மார்ச்சில் நியூயோர்க்கில் ரோலண்ட் லாஸ்ரார்சாவோடு மோதியபோது இரண்டு தாள் ஆளுக்கொன்றாகப் பிரிந்து, மூன்றாவது தாளில் சுற்றுக் கணக்கு சமனாகி, மேலதிகப் புள்ளியைப் பார்த்துத்தான் மார்சியானோ வென்றதாக அறிவித்தார்கள். அந்த மேலதிகப் புள்ளி இல்லாவிட்டால் 49-0 என்ற கணக்கே இல்லை. மார்சியானோ பிறகு 1953இல் அதே ஆளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்து, பதினோராம் சுற்றில் முடித்துவைத்தார். இந்த இரண்டாவது வாய்ப்பு என்ற விசயத்தை மனதில் வைத்திருங்கள், ஹோம்ஸைப் பற்றிய என்னுடைய உண்மையான குறை அங்கேதான் வருகிறது.

நான் முதலில் சொன்ன பழக்கம் இதுதான்: சாம்பியனிடமிருந்து பட்டத்தை எடுக்க வேண்டுமானால் தெளிவாக வெல்ல வேண்டும், நெருக்கமான சுற்று வந்தால் அது சாம்பியனுக்கே. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இப்படி ஒரு வரி இல்லை. ஆனால் புள்ளி போட இருப்பவர்களின் மண்டைக்குள் இருக்கிறது. வன்னியில் காணிப் பிரச்சினை பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: காணிக்குள் இருந்து விதைக்கிறவனிடம் யாரும் முதலில் உறுதி கேட்பதில்லை, வெளியில் நிற்கிறவன்தான் பேர்மிற்றோடும் கடதாசிக் கட்டோடும் பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்கும் அலைய வேண்டும். நோர்ட்டனுக்கு அந்தச் சலுகை கிடைக்காததற்கும் காரணம் இருக்கிறது. அவர் பட்டத்தை மேடையில் வென்றவர் இல்லை. அலியை வென்ற லியோன் ஸ்பிங்ஸ் நோர்ட்டனோடு மோதாமல் மறுபடியும் அலியோடே மோதப் போனதால், பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. லியோனிடமிருந்து எடுத்து நோர்ட்டனுக்குக் கொடுத்த பட்டம் அது. (லியோன், மைக்கலின் அண்ணன். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் இரண்டு பேரும் தங்கம் எடுத்தவர்கள். அண்ணனை ஹோம்ஸ் 1981இல் மூன்றாம் சுற்றில் முடித்தார், தம்பி வந்து கணக்குத் தீர்த்தார்.)

ஹோம்ஸ் சாம்பியன் ஆன பிறகு அந்தச் சலுகை இரண்டு சண்டையில் பச்சையாகத் தெரிகிறது. ஒன்று, 1983 மே மாதம் ரிம் விதர்ஸ்பூனோடு. அந்தப் பெடியனுக்கு அதற்கு முன் பதினைந்து சண்டைதான் அனுபவம், ஆனால் ஹோம்ஸின் ஜாப்பை, அதாவது முன்னால் நிற்கும் இடது கையால் நேராக எறிகிற குத்தை, கையால் தட்டிவிட்டுத் திருப்பி அடித்தான், ஒன்பதாம் சுற்றில் ஹோம்ஸ் கயிற்றோடு சாய்ந்து உயிர் தப்பினார். தீர்ப்பு 2-1 என்று ஹோம்ஸுக்குப் போனது. இரண்டாவது, 1985 மே மாதம் ரீனோவில் கார்ல் வில்லியம்ஸோடு. வில்லியம்ஸும் அதுவரை தோற்காத இளம் ஆள், உயரம், நீண்ட கை. ஹோம்ஸின் சொந்த ஆயுதமான ஜாப்பாலேயே ஹோம்ஸின் முகத்தை வீங்க வைத்தார். மூன்று நடுவர்களும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். விதர்ஸ்பூன் சண்டை எந்தப் பக்கமும் போயிருக்கலாம் என்பேன், ஆனால் வில்லியம்ஸ் சண்டையை அந்தப் பெடியனுக்குத்தான் போட்டிருப்பேன். அப்படிப் போட்டிருந்தால் நாலு மாதத்துக்குப் பிறகு ஸ்பிங்ஸ் வந்தபோது 48-0 என்ற பேச்சே இருந்திருக்காது.

ஆனால் எப்போதும் சலுகை மட்டும்தான் கிடைத்தது என்று சொன்னால் அதுவும் அநியாயம். 1982 ஜூன் 11, ஜெரி கூனியோடு நடந்த சண்டை. கூனி வெள்ளைக்காரர், அந்தச் சண்டையை நிறப் பிரச்சினையாக மாற்றித்தான் விற்றார்கள். சாம்பியனை இரண்டாவதாக அறிமுகப்படுத்துவது வழமை, அன்று சாம்பியனை முதலில் கூப்பிட்டார்கள். பதின்மூன்றாம் சுற்றில் ஹோம்ஸ் முடித்துவிட்டார், ஆனால் தாள்களைப் பிறகு பார்த்தால், இடுப்புக்குக் கீழே அடித்ததற்காகக் கூனியிடம் குறைத்த மூன்று புள்ளியைக் குறைக்காமல் விட்டிருந்தால், இரண்டு நடுவர்களின் தாளில் கூனி முன்னால் இருந்திருப்பார். அந்தச் சண்டையைப் பார்த்த எவனுக்கும் அது எப்படி என்று விளங்காது. ஹோம்ஸ் நடுவர்கள் மேல் வைத்திருந்த வன்மத்துக்கு இப்படி ஒரு பின்கதையும் உண்டு.

இனி இரண்டாவது ஸ்பிங்ஸ் சண்டை. 1986 ஏப்ரல் 19, லாஸ் வேகாஸ் ஹில்ற்றன். தீர்ப்பு 2-1, ஸ்பிங்ஸுக்கு.

நான் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பழக்குகிற ஆள், போட்டிகளில் புள்ளி போடவும் இருப்பேன். மழைக்காலத்தில் மைதானம் வெள்ளமாகிப் பயிற்சி நின்றுபோன ஒரு பின்னேரம் பிள்ளைகளைச் சுவரோரம் இருத்தி, ஆளுக்கொரு கொப்பி ஒற்றையைக் கிழித்துக் கொடுத்து, இந்தச் சண்டையை மடிக்கணினியில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டேன். சத்தம் இருந்தால் வர்ணனையாளர் சொல்வதைத்தான் பிள்ளைகள் எழுதுவார்கள். பெரிய ஆக்களும் அப்படித்தான். யார் சாம்பியன் என்றும் சொல்லவில்லை, வழுக்கையாக இருப்பவர், மற்றவர் என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு சுற்று முடிவிலும் நிறுத்தி எழுத வைத்தேன். பக்கத்தில் இருப்பவனின் ஒற்றையை எட்டிப் பார்த்தவனை எழுப்பிக் கதவடியில் இருத்த வேண்டியிருந்தது.

தொடக்கச் சுற்றுகளில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஹோம்ஸ் முதல் சண்டையில் விடாத வலது கையை இந்த முறை முதல் மணியிலிருந்தே விட்டார், ஸ்பிங்ஸ் பின்னாலேயே போனார். நடுச் சுற்றுகளில் பிள்ளைகளின் பேனை தயங்கத் தொடங்கியது. ஸ்பிங்ஸ் நகர்கிறார், எறிகிறார், சில படுகின்றன, ஹோம்ஸ் மூச்சு வாங்குகிறார். பதினாலாம் சுற்றில் ஹோம்ஸின் வலது கை விழுந்து ஸ்பிங்ஸின் கால் தள்ளாடியபோது எல்லாரும் கத்தினார்கள். ஆனால் ஹோம்ஸ் பாய்ந்து முடிக்கவில்லை. முடிவில் ஒற்றைகளைச் சேர்த்தபோது பெரும்பாலானவை ஹோம்ஸுக்கு. ஸ்பிங்ஸுக்குப் போட்ட ஒரு பிள்ளையிடம் ஏன் என்று கேட்டேன். “அவர் வேலை செய்யிறார் சேர், மற்றவர் பாத்துக்கொண்டு நிக்கிறார்” என்றாள். அது பிழையான பதில் இல்லை. நெருக்கமான சுற்றில் நிறைய வேலை செய்தவருக்குக் கொடுக்கிற நடுவர் இருக்கிறார், வலுவாக விழுந்த குத்துக்குக் கொடுக்கிற நடுவரும் இருக்கிறார். நான் இரண்டாவது வகை. சுத்தமாகப் பட்ட குத்து எத்தனை, அது என்ன செய்தது என்று பார்த்தால் அந்தச் சண்டை ஹோம்ஸுடையது, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றால்.

பிறகு ஏன் தீர்ப்பு மாறிப் போனது? பணம் கைமாறியது, ஏற்கனவே எழுதி வைத்த முடிவு என்று கதைக்கிறவர்களிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை, நான் அந்தப் பக்கம் போகவில்லை. என் விளக்கம் சாதாரணமானது. நடுச் சுற்றுகள் நெருக்கமாக இருந்தன, நெருக்கமான சுற்று சாம்பியனுக்கு. அன்றைக்குச் சாம்பியன் ஸ்பிங்ஸ். வில்லியம்ஸுக்கு எதிராக ஹோம்ஸைக் காப்பாற்றிய அதே மனப்பழக்கம், ஒரு வருடம்கூட ஆகாமல் பக்கம் மாறி நின்றது. போதாததற்கு, முதல் தோல்விக்குப் பிறகு நடுவர்களை ஹோம்ஸ் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு வந்தவர். நடுவரும் மனிதர்தானே. தீர்ப்பு வந்ததும் தொலைக்காட்சி மைக்கைப் பிடித்து, நடுவர்கள் தன் உடம்பின் எந்தப் பகுதியை முத்தமிடலாம் என்று அவர் சொன்னதை இங்கே எழுத ஏலாது, ஆனால் அந்த ஒரு தரம் அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது.

சரி, மாமாவின் வழக்குக்கு வருவோம். அலியோடு நடந்தது 1980 ஒக்டோபர் 2. அலி இரண்டு வருடம் மேடை ஏறாமல் இருந்து, தைரொயிட் மருந்து எடுத்து உடம்பு வற்றி வந்தவர். பத்தாம் சுற்று முடிவில் அலியின் பயிற்சியாளர் அஞ்சலோ டண்டி போதும் என்று நிறுத்தினார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியின் பயிற்சி முகாமில் அவரிடம் அடி வாங்கிப் பழகியவர், தன் ஆசானை அடிக்க வேண்டி வந்ததே என்று சண்டைக்குப் பிறகு அழுதவர். நடுவில் மத்தியஸ்தரைத் திரும்பித் திரும்பிப் பார்த்து நிறுத்தச் சொன்னதும் படத்தில் தெரிகிறது. அந்த வெற்றியை ஹோம்ஸின் பெருமைக் கணக்கில் எழுத வேண்டாம் என்று மாமா சொன்னால் நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு நிபந்தனை. அன்று அலிக்கு வயது 38. 1988 ஜனவரியில் அட்லாண்டிக் சிற்றியில் ரைசனிடம் விழுந்த அன்று ஹோம்ஸுக்கு வயது என்ன? 38. ஸ்பிங்ஸோடு இரண்டாம் சண்டைக்குப் பிறகு ஒரு சண்டையும் பிடிக்காமல் வீட்டில் இருந்துவிட்டு, 21 வயது ரைசன் முன்னால் ஏறினார். அலிக்கு வயதைச் சொல்லி விலக்குக் கொடுப்பதென்றால் ஹோம்ஸுக்கும் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் இரண்டு பேருக்கும் கொடுக்கக் கூடாது. ஒன்றை எண்ணி மற்றதை விடுவது எந்த ஊர்க் கணக்கு? 75 சண்டையில் ஹோம்ஸை நிறுத்த முடிந்தவர் ரைசன் ஒருவர்தான்.

விழுவதைப் பற்றிக் கதைப்பதென்றால், எழும்பியதையும் கதைக்க வேண்டும். 1979இல் ஏர்னி ஷேவர்ஸின் வலது கை ஏழாம் சுற்றில் ஹோம்ஸின் தாடையில் விழுந்தது. அந்தக் காலத்தில் மிகப் பெரிய அடிகாரர் யார் என்று யாரைக் கேட்டாலும் ஷேவர்ஸின் பெயர் வரும். ஹோம்ஸ் மல்லாக்க விழுந்தார், எழும்பினார், நாலு சுற்றுக்குப் பிறகு அதே ஷேவர்ஸை நிறுத்தினார். 1981இல் ரெனால்டோ ஸ்னைப்ஸ் விழுத்தியபோது அதைவிட மோசம், எழும்பிய வேகத்தில் தள்ளாடிப் போய் மூலைத் தூணில் மோதினார். அங்கேயே முடிந்தது என்று எவரும் நினைப்பார்கள். பதினோராம் சுற்றில் ஸ்னைப்ஸ்தான் முடிந்தார். பட்டத்தை இருபது தரம் காத்தவர் என்று எண்ணிக்கையை மட்டும் சொல்கிறோம். அந்த இருபதுக்குள் இப்படியான இரவுகளும் இருக்கின்றன. அந்த எண்ணிக்கையில் அப்போது அவருக்கு மேலே இருந்தவர் ஜோ லூயிஸ் மட்டும்தான், 25.

ஜாப்பைப் பற்றி ஒரு பந்தி எழுதாமல் விட்டால் என்னிடம் பழகும் பிள்ளைகளே சிரிப்பார்கள். ஹோம்ஸின் இடது கை தாடைக்குப் பக்கத்தில் இருக்காது, கொஞ்சம் தாழ்த்தி, தளர்வாக வைத்திருப்பார். அங்கிருந்து கீழிருந்து மேலாக எழும்பி வருவதால் எதிராளி அதைக் காணும்போது அது ஏற்கனவே முகத்தில் பட்டிருக்கும். ஒன்றாக வராது, இரண்டு மூன்றாக வரும், ஒன்று கண்ணை மறைக்கும், அடுத்தது தலையை நிமிர்த்தும், பிறகு வலது கை மேலிருந்து இறங்கும். உடம்பின் பாரத்தை முன்காலில் போட்டுக் குத்துவதால் அது வெறும் தொடுகையாக இருக்காது, பின்னால் தள்ளும். பிள்ளைகளுக்கு நான் காட்டுவது நோர்ட்டன் சண்டையின் முதல் ஐந்து சுற்றைத்தான். கையைத் தாழ்த்துவதை மட்டும் பின்பற்ற வேண்டாம் என்று சேர்த்துச் சொல்வேன், ஷேவர்ஸும் ஸ்னைப்ஸும் அடித்தது அந்த இடைவெளியால்தான்.

இனி என்னுடைய குறை. விதர்ஸ்பூன் நெருக்கமாகத் தோற்றார், இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கவில்லை. வில்லியம்ஸுக்கும் கிடைக்கவில்லை. நோர்ட்டனுக்கும் கிடைக்கவில்லை. ஸ்பிங்ஸிடம் தோற்றதும் ஹோம்ஸுக்கு ஏழே மாதத்தில் கிடைத்தது. டபிள்யூ.பி.சி. வரிசையில் முதலில் நின்ற கிரெக் பேஜோடு மோதாமல் 1983 டிசம்பரில் அந்தப் பட்டத்தையே விட்டுவிட்டு, புதிதாகத் தொடங்கிய ஐ.பி.எஃப். அமைப்பின் சாம்பியனாக மாறினார். அந்த மாற்றத்துக்கு முந்திய மாதம் எதிரில் நிறுத்தியது ஜோ பிரேசியரின் மகன் மார்விஸை, பத்துச் சண்டை அனுபவமுள்ள பிள்ளை, முதல் சுற்றிலேயே முடிந்தது. இன்னொரு அமைப்பான டபிள்யூ.பி.ஏ.யின் பட்டம் அந்த ஏழு வருடத்தில் கைமாறிக் கைமாறிப் போனது, அதை வைத்திருந்த ஒருவரோடும் பட்டங்களை ஒன்றாக்க ஹோம்ஸ் மேடை ஏறவில்லை. அப்போது அதை வைத்திருந்த ஜெரி கூட்சியோடு 1984இல் பேசினார்கள், பணப் பிரச்சினையில் குழம்பிப்போனது. அவர் பக்க நியாயமும் உண்டு: பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வறிய குடும்பத்தில் பிறந்து, ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கார் கழுவிச் சம்பாதித்த மனிதர், எந்தச் சண்டை காசு தரும் என்று பார்த்ததை நான் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் நெருக்கமாகத் தோற்றவனுக்கு இரண்டாவது வாய்ப்பு நியாயம் என்று 1986இல் சத்தம் போட்டவர், 1983இல் அந்த நியாயத்தை விதர்ஸ்பூனுக்குக் கொடுத்திருக்கலாம். அவரை முதல் மூன்றுக்குள் வைக்க என் மனம் வராததற்குக் காரணம் இதுதான், ஸ்பிங்ஸ் இல்லை.

மிச்சத் தோல்விகளை வேகமாகப் பார்த்துவிடலாம். மொத்தம் ஆறு, அத்தனையும் 35 வயதிலும் அதற்குப் பிறகும். ஸ்பிங்ஸ் இரண்டு, ரைசன் ஒன்று. 1992 ஜூனில் அன்றைய சாம்பியன் ஹோலிஃபீல்டோடு 42 வயதில் பன்னிரண்டு சுற்றும் நின்று தெளிவாகத் தோற்றார், அதில் சர்ச்சை இல்லை. அதற்கு நாலு மாதம் முந்தி, ஒலிம்பிக் தங்கம் எடுத்து அதுவரை தோற்காமல் இருந்த ரே மேர்சரை மூலைக்குள் சாய்ந்து நின்றே ஏமாற்றி வென்றிருந்தார், அந்தச் சண்டையைப் பார்க்காதவர்கள் பாருங்கள், வயதுபோன ஆள் எப்படி மூச்சை மிச்சம் பிடித்துச் சண்டை பிடிப்பது என்பதற்கு அதைவிடப் பாடம் கிடையாது. 1995இல் ஒலிவர் மக்கோலிடம் 45 வயதில் மயிரிழையில் தோற்றது நெருக்கம்தான், ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். 1997இல் கோப்பன்ஹேகனில் பிரையன் நீல்சனிடம் 2-1 என்று தோற்றதுதான் எனக்குப் பொறுக்காது. நீல்சனின் சொந்த நாடு, நீல்சனின் சனம், 47 வயது வெளிநாட்டுக்காரனுக்கு யார் நெருக்கமான சுற்றைக் கொடுப்பார்கள்? ஆக, சர்ச்சைத் தோல்வி என்று நான் ஒத்துக்கொள்வது இரண்டு: இரண்டாவது ஸ்பிங்ஸ், நீல்சன். அதற்கு எதிர்ப்பக்கத்தில் வில்லியம்ஸை வைக்க வேண்டும், அரைவாசி விதர்ஸ்பூனையும் வைக்க வேண்டும். கூட்டிக் கழித்தால் நடுவர்கள் ஹோம்ஸுக்குக் கடன் ஒன்றும் வைக்கவில்லை.

என் வரிசையில் ஜோ லூயிஸ், அலி இருவரும் மேலே, அதில் கதை இல்லை. மூன்றாம் இடத்துக்கு ஜோர்ஜ் ஃபோர்மனைச் சொல்வேன், காரணம் அவர் வென்ற ஆக்கள். ஹோம்ஸ் நாலாவது. லெனொக்ஸ் லூயிஸைத் தூக்கி ஹோம்ஸுக்கு மேல் வைக்கிறவர்களோடு பேச நான் தயார், ரைசனை வைக்கிறவர்களோடு பேச எனக்கு நேரம் இல்லை. மாமாவிடம் இந்தக் கடைசி வரியை மட்டும் காட்ட வேண்டாம்.